மூன்று அம்மாக்களும் ஒரு வரியும்

செனோபியா பலாசியோ இதுவரை வென்றவற்றை வயது வரிசையில் சொன்னால்தான் ஒன்றும் விட்டுப்போகாது. ஆறு வயதில் ஒரு பாம்பை வென்றாள். அது கடித்தது, இவள் சாகவில்லை. இடது கணுக்காலில் காசு அளவுக்கு ஒரு குழி மட்டும் மிச்சம். பதினேழு வயதில் ஒரு மாப்பிள்ளையை வென்றாள். ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ளவர், சம்மதம் கேட்காமலே ஒரு பசுவை அனுப்பிவைத்தார். இவள் பசுவை ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் கட்டிவிட்டு வந்தாள். பசு இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் கொண்டுபோய்க் கட்டினாள். அதற்குப் பிறகு வென்றவை எல்லாம் எல்லைக்கு அந்தப்புறம், கோஸ்தா ரிக்காவில், ஓர் ஆஸ்பத்திரிக்குள். பனாமாவிலிருந்து காப்பி பறிக்கப் போகும் ங்கோபே பழங்குடிப் பெண்கள் பிரசவத்துக்கு வந்தால், முதுகு திறந்த பச்சைச் சட்டை வேண்டாம், தங்கள் நீள நாகுவா உடையிலேயே படுக்கலாம் என்ற உத்தரவு. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ந்த ஜெல்லிக்குப் பதிலாகச் சூடான கொக்கோ. பதிவு ஜன்னலின் உட்பக்கம் ஒரு நாற்காலி, அதுவும் முதுகு சாய்கிற நாற்காலி. கடைசியாக, அந்த ஆஸ்பத்திரியின் அச்சடித்த படிவத்தில் ஒரு வரி.

அக்கா எர்மிந்தாவைக் கேட்டால் அந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பெரிது என்பாள். நாற்காலி இரவல் கூடக் கிடைக்கும். இன்னொரு நாட்டின் அச்சடித்த தாளில் இடம் கிடைப்பது அப்படி அல்ல. அது கிடைத்தது எர்மிந்தாவின் மகள் மெச்சியின் முழங்கையால்.

2008ஆம் வருடத்து அறுவடைக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒன்பது பேரும் இரண்டு நாய்களும் கிளம்பினார்கள். இரண்டு நாள் நடை, பிறகு ரியோ செரேனோவில் எல்லை. அங்கே தாளில் முத்திரை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் கோஸ்தா ரிக்கா. நாய்களுக்கு முத்திரை இல்லை. மூத்தவள் ஒட்டிலியாவுக்கு முப்பத்தொன்று, எர்மிந்தாவுக்கு இருபத்தாறு, கடைக்குட்டி செனோபியாவுக்குப் பத்தொன்பது. மூவரும் இடுப்பில் கூடை கட்டிக் காப்பிப் பழம் பறிப்பார்கள். மெச்சிக்கு ஐந்து வயது. அவள் மரம் ஏறுவாள்.

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி வாக்கில் மெச்சி கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். வலது முழங்கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பிவிட்டது. எர்மிந்தா அன்று உப்பும் சோப்பும் டார்ச் பேட்டரியும் வாங்க ரியோ செரேனோ போயிருந்தாள். உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள்தான் திரும்புவாள். ஒட்டிலியா மேல்சரிவில் பறித்துக்கொண்டிருந்தாள். அருகில் இருந்தவள் செனோபியா. அவர்கள் வீட்டில் அருகில் இருப்பவள்தான் அம்மா. அதை யாரும் யோசிப்பதில்லை, மழை வந்தால் துணி எடுப்பதைப் போல. பிள்ளையின் கையை வாழையிலை வைத்துக் கட்டி, அவளைத் தோட்டத்துப் பால் ஜீப்பில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அங்கே வைத்தியம் உண்டு. அதில் சிக்கல் இல்லை. பதிவு ஜன்னலில் அனிபால் உட்கார்ந்திருந்தார், மரியாதையாக எல்லோருக்கும் தோன் அனிபால். பதினெட்டு வருடமாக அதே ஜன்னல். சட்டைப் பையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனாக்கள்.

"பிள்ளைக்கு நீங்க யாரும்மா?"

"அம்மா," என்றாள் செனோபியா. ரியோ செரேனோவில் ஒரு கடைக்காரர் வீட்டில் துணி துவைத்த காலத்தில் ஸ்பானியம் கற்றிருந்தாள். அக்காக்களுக்கு அந்த அளவு வராது.

அவர் நீலப் பேனாவால் எழுதினார். இவள் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒட்டிலியா வந்தாள். கையில் மெச்சியின் மாற்று உடை, அவித்த பச்சை வாழைக்காய் நான்கு.

"நீங்க யாரு?"

"மெச்சியோட அம்மா."

தோன் அனிபால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "அம்மா நேத்தே வந்தாச்சே."

"அவளும் வந்திருப்பா. எனக்கென்ன? உள்ள விடுங்க, வாழைக்காய் ஆறுது."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

பத்தரை மணிக்கு எர்மிந்தா வந்து சேர்ந்தாள். எல்லையிலேயே யாரோ செய்தி சொல்லிவிட்டார்கள். உர லாரியில் தொற்றிக்கொண்டு வந்ததில் தலை முதல் கால் வரை வெள்ளையாக இருந்தாள். தோளில் தொங்கிய நார்ப்பையில் மூன்று கிலோ உப்பு. ஜன்னலில் மூச்சு வாங்க நின்று அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் மெச்சியோட அம்மா."

தோன் அனிபால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஒரு பிள்ளைக்கு மூன்று அம்மா என்றால் பிள்ளை கடத்தலோ என்றுதான் யாருக்கும் தோன்றும். மெச்சியின் முழங்கைக்குத் தலைநகரில்தான் ஆபரேஷன். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும். துணைக்கு ஒரே ஒருத்தி போகலாம், அவள் அம்மாவாக இருக்க வேண்டும். அம்மா யாரென்று தெரியாவிட்டால் பிள்ளை தனியாகப் போகும். பிள்ளைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று. விசாரணை முடியும்வரை பிள்ளை அவர்கள் பொறுப்பு.

"எத்தனை நாளு விசாரிப்பாங்க?" என்று செனோபியா கேட்டாள்.

"அது தாளைப் பொறுத்தது."

செனோபியா இதை அக்காக்களுக்குத் தங்கள் மொழியில் சொன்னாள். தாள் என்று எதுவும் அவர்களிடம் இருந்ததே இல்லை, எல்லையில் குத்திய முத்திரையைத் தவிர. அதிலும் மூன்று சகோதரிகள், இரண்டு ஆண்கள், நான்கு பிள்ளைகள் என்றுதான் இருந்தது. எந்தப் பிள்ளை யாருடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மெச்சி அங்கேயே, ஜன்னலை ஒட்டி ஒரு தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். நல்ல கைக்கு விளையாட்டுச் சாமானாக, தலைமை நர்ஸ் க்ரிசெல்தா ரப்பர் கையுறையை ஊதிச் சேவலாக்கிக் கொடுத்திருந்தாள். தோன் அனிபால் எழுந்து வந்து குனிந்தார்.

"பாப்பா, உங்கம்மா யாரு? காட்டு பாக்கலாம்."

மெச்சி சேவலால் காட்டினாள். "அது, அது, அப்புறம் அது."

"சரி. அப்பா?"

"நாலு பேரு. ஒருத்தரு குறட்டை விடுவாரு."

க்ரிசெல்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. தோன் அனிபால் செனோபியாவைத் தனியாகப் பார்த்தார். இருப்பவர்களில் பேசக்கூடியவள் அவள்தான் என்று புரிந்துவிட்டது.

"இங்க பாரும்மா. ஒரே ஒரு வார்த்தை. 'நான் இவளுக்கு அம்மா இல்ல'ன்னு சொல்லு. நான் நேத்து எழுதுனதை அடிச்சிடறேன். அந்தப் பெரியவளும் அதையே சொல்லட்டும். மிச்சம் இருக்கிறவ அம்மா. கதை முடிஞ்சுது."

"முடியாது, தோன் அனிபால்."

"ஏன்?"

"பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்கா."

"இருந்தா என்ன?"

"அடிபட்டுக் கெடக்கிற பிள்ளை காதுபட அப்படிச் சொல்லக் கூடாது. அது விட்டுட்டுப் போயிரும்."

"எது?"

"பிள்ளைக்குள்ள இருக்கிற தெம்பு. அப்புறம் உங்க டாக்டரு எலும்பைத்தான் ஒட்டலாம்."

"அப்ப வராந்தாவுக்கு வா. அங்க வந்து சொல்லு."

"வராந்தாவுல எனக்குக் காது இருக்கே."

ஒட்டிலியா நடுவில் புகுந்தாள். "என்னடி கேக்கிறான் இந்தக் கண்ணாடி?"

"மெச்சிய நம்ம பிள்ளை இல்லன்னு சொல்லச் சொல்றாரு அக்கா."

"அவன் அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

இதை மட்டும் செனோபியா மொழிபெயர்க்கவில்லை.

தோன் அனிபால் உள்ளே போய்த் தடித்த பதிவேடு ஒன்றைத் தூக்கி வந்தார். ஒவ்வோர் அறுவடையிலும் ஆஸ்பத்திரி ஆட்கள் காப்பித் தோட்டத்துத் தகரக் கொட்டகைகளுக்கு வந்து பிள்ளைகளுக்கு ஊசி போடுவார்கள். பிள்ளையின் பெயர், அம்மாவின் பெயர், பக்கத்தில் கட்டைவிரல். அதில் உண்மை இருக்கும் என்று அவர் நம்பினார். மெச்சியின் பெயரை மூன்று பக்கங்களில் தேடிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"2005, அம்மா ஒட்டிலியா. 2006, அம்மா எர்மிந்தா. 2007, அம்மா செனோபியா." பதிவேட்டை மூடினார். வெற்றி பெற்றவர் முகமாக அது இல்லை. "மூணு வருஷம், மூணு அம்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

எர்மிந்தா மூன்றாவது வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அந்த 2006ஆம் வருடப் பக்கத்தில் தன் பெயரைத் தானே பார்த்திருந்தாள். பிள்ளையைக் காப்பாற்றும் என்று நினைத்த தாள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகும்போல இருந்தது. ஊசி போட வந்த அன்று யார் கொட்டகையில் இருந்தார்களோ அவர்கள் வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து. உப்புப் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"மறுபடி தொறங்க," என்றாள் செனோபியா.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எழுத்து தெரியாது. விரல் தெரியும்."

அவர் திறந்தார். அவள் ஜன்னல் வழியே பாதி உடம்பை உள்ளே நீட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தாள். ங்கோபே பெண்கள் நாரைக் கட்டைவிரல் நகத்தால் கிழித்து, தொடையில் உருட்டி, முடிச்சு முடிச்சாகப் பை பின்னுவார்கள். எதிரில் உட்கார்ந்து பின்னுகிறவளின் முகத்தைவிடக் கட்டைவிரலைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் கொட்டகையில் செனோபியா பார்க்காத விரல் இல்லை.

"இது ஃபகுந்தா அத்தை. நுனி இல்ல பாருங்க, கத்தி கொண்டுபோயிருச்சு."

தோன் அனிபால் பெயரைப் பார்த்தார். ஃபகுந்தா. ஸ்கேலை எடுத்துப் பெயர் வரிசையை மறைத்தார்.

"இது எவுசெபியா, குறுக்க தழும்பு. இது மௌரா. எப்பவும் முழங்கை வரைக்கும் அப்புவா, மையும் ஓசி தாளும் ஓசின்னு. இது..." கொஞ்சம் யோசித்தாள். "இது பொம்பளை விரல் இல்ல. எவனோ ஊசிக்கு வந்து அம்மான்னு சொல்லியிருக்கான்."

தோன் அனிபால் ஸ்கேலை நகர்த்தினார். பெயர், இலாரியோ. க்ரிசெல்தாவால் இப்போது திரும்பிக்கொள்ள முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"அது நம்ம இலாரியோ மாமா," என்று மெச்சி வண்டியிலிருந்து விளக்கினாள். "அவருக்கு ஊசின்னா பயம். எங்களுக்குப் போடறப்பவும் அழுவாரு."

பதினோரு விரலைக் கேட்டார், பதினொன்றும் சரி. எர்மிந்தா எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எனக்காக ஒரு வேலை செய்யுங்க," என்றாள் செனோபியா. "ஃபகுந்தா அத்தைக்கு எதுத்தாப்ல எந்தப் பிள்ளை பேரு இருக்கு? அதே பிள்ளைக்கு அடுத்த வருஷம் எந்த விரல்?"

அவர் புரட்டினார். மௌரா. அதற்கடுத்த வருடம் எவுசெபியா. இன்னொரு பிள்ளையைப் பார்த்தார், மூன்று பேர். இன்னொன்று. க்ரிசெல்தாவும் வந்து குனிந்துகொண்டாள். ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்ததில், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அம்மாக்கள். ஒரு பையனுக்கு ஐந்து.

"ஒருத்தி திருடினா அது திருட்டு, தோன் அனிபால்," என்றாள் செனோபியா. "இத்தனை பேரு வரிசையில நின்னு, விரலையும் வச்சிட்டுத் திருடுவோமா? நாங்க குடும்பம்."

தோன் அனிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடப் பதிவேட்டையும் தன் கையால் எழுதியவர் அவர். ஒவ்வொரு வருடமும் புதுப் பக்கம் தொடங்கியதால் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

க்ரிசெல்தாதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். மூன்று பேரையும் பார்த்து மெதுவாக, "இவளைப் பெத்தது யாரு?"

செனோபியா மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே ஒட்டிலியாவும் செனோபியாவும் எர்மிந்தாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். மூன்று பேருக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை.

"நான்தான்," என்றாள் எர்மிந்தா. "2003 மார்ச் மூணு, திங்கக்கிழமை, சேவல் ரெண்டாவது தடவை கூவினப்போ. கொடி அறுத்தது ஒட்டிலியா. குளிப்பாட்டினது செனோபியா. தண்ணி கொஞ்சம் சூடு அதிகம்."

"இன்னும் அதச் சொல்லிக் காட்டணுமா?" என்றாள் செனோபியா. ஆனாலும் அதையும் சேர்த்தே மொழிபெயர்த்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா!" தோன் அனிபால் கிட்டத்தட்டக் கத்தினார்.

"நீங்க இதக் கேக்கவே இல்லியே, தோன் அனிபால்," என்றாள் செனோபியா.

யாரும் யாரையும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெச்சி காதில் அப்படி எதுவும் விழவும் இல்லை. பதினொன்று ஐம்பதுக்கு அவர் நல அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் புரியவைக்க ஐந்து நிமிடம் பிடித்தது. பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் புறப்பட்டது. மெச்சி படுத்திருந்தாள், பக்கத்தில் எர்மிந்தா, அவள் தோளில் மூன்று கிலோ உப்பு. தலைநகர் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அந்த உப்பு பிரிக்காமல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை மற்றவர்கள் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி ஒட்டிலியா இன்றைக்கும் பேசுவாள்.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி செனோபியாவுக்கு க்ரிசெல்தா ஆள் அனுப்பினாள். பிரசவ வார்டில் ஒரு ங்கோபே பெண் பச்சைச் சட்டை போட மறுத்து ஜன்னல் வழியே குதிக்கப் பார்த்தாளாம். அப்படித்தான் நாகுவா உத்தரவு தொடங்கியது. பிறகு ஒவ்வொரு வியாழனும் போனாள். பறிக்கும் கூலி போகிறதே என்று எர்மிந்தா கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரு பறிக்கிறீங்களே" என்றாள். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியே சம்பளம் கொடுத்தது. தன் மக்களுக்கு ஆஸ்பத்திரிக்காரர்களின் கேள்வியைச் சொல்வதும், ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தன் மக்களின் பதிலைச் சொல்வதும், இரண்டு பக்கமும் கேட்க மறந்ததைக் கேட்பதும்தான் வேலை.

படிவத்தில் ஒரு வரி வேண்டும் என்று அவள் சொன்னபோது, தோன் அனிபாலே மூன்று பேனாவையும் கொண்டு மாதிரி வரைந்தார். 'பெற்ற அம்மா' என்று ஒரு வரி. அதன் கீழே 'கூட நிற்கும் அம்மாக்கள்' என்று நான்கு வரி. மேலிடம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. பசுவைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டியவள் அதற்கெல்லாம் அசருவாளா? ஒவ்வொரு வியாழனும் முதல் வேலையாக, "வந்துச்சா?" என்பாள். "வரல" என்பார் அவர். "அனுப்பினீங்களா?" என்பாள். 2011 ஜனவரியில் அச்சடித்து வந்தது, நான்கு வரிக்குப் பதில் ஒன்றே ஒன்று. "விரலு சின்னதுதான், நெருக்கி வச்சா நாலு பேரு நிக்கலாம்," என்று வாங்கிக்கொண்டாள்.

அதுவரை செனோபியா எந்தத் தாளிலும் கட்டைவிரல்தான். சம்பளத்துக்கும் அதேதான். தோன் அனிபால் சீண்டுவார். "ஊரார் விரலையெல்லாம் படிக்கிற. உன் பேரு எழுத வராதா?"

"வரும். போட வேண்டிய தாளு இன்னும் வரல."

எழுத வராமல் இல்லை. அவர் எழுதிக்கொடுத்த துண்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தைப் பின்னல் கோலமாகவே நினைத்து, பையில் முடிச்சுப் போட்டுப் பழகியிருந்தாள். ஸ்பானியத்தில் செனோபியா ஏழு எழுத்து, பலாசியோ ஏழு எழுத்து. இரண்டு பையைப் பிரித்தாள். மூன்றாவது பையில் பதினான்கும் நேராக நின்றன. அந்தப் பையை எர்மிந்தாவுக்குக் கொடுத்தாள், அவள் அதை யாருக்கும் இரவல் தருவதில்லை.

பிப்ரவரியில் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. மெச்சியின் கை வளர வளரக் கொஞ்சம் சாய்ந்து வளர்ந்தது. இன்னொரு முறை சரிசெய்ய வேண்டும். எர்மிந்தாவுக்கு அப்போது கையில் ஒன்பது நாள் பிள்ளை, நகர முடியாது. ஆம்புலன்ஸ் வழக்கம்போலப் பன்னிரண்டு மணிக்கு. எர்மிந்தா பச்சைப் பிள்ளையோடு ஜன்னல்வரை வந்தாள். பெற்ற அம்மா என்ற வரியில் எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள். தோளிலிருந்த அந்தப் பையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள்.

"உள்ள உப்பு இல்லியே?" என்றாள் செனோபியா.

தோன் அனிபால் பழக்க தோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை மூடினாள். ஜன்னலுக்குள் கையை நீட்டி அவர் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். 'கூட நிற்கும் அம்மாக்கள்' என்று அச்சடித்த வரியின்மேல் ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் முடிச்சு இறுக்குவது போல இறுக்கி எழுதினாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"சித்தி... டிரைவர் கூப்பிடறாரு," என்றாள் ஒரு நர்ஸ், மெச்சிக்கு ஆகும் முறையை வைத்து.

"சித்தி இல்ல," என்று எட்டு வயதாகப்போகும் மெச்சி திருத்தினாள். "அம்மா. தாளைப் பாருங்க."

எழுத்து பதினான்கும் முடிந்தன. எர்மிந்தா எண்ணினாள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. பக்கத்துக் கட்டத்தில் தேதி போட வேண்டும் என்று தோன் அனிபால் சொன்னார். அதை எர்மிந்தா சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: 2011 பிப்ரவரி 17, வியாழக்கிழமை.